முடிவு தெரிந்த கதையிலும் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? (ஆக்‌ஷன் உளவு நாவல்கள், குறிப்பாக 'ஜாக்கல்')

மலைக்கோட்டை வாசகன்

மூன்று நாள் விடாமல் மழை. வெளியே போக வழியில்லாமல் அலமாரியிலிருந்து ஃபிரடெரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' நாவலை எடுத்தேன். நாலாவது முறை. ராத்திரி பத்து மணிக்கு எடுத்தவன் விடிகாலை மூன்றரைக்குத்தான் கீழே வைத்தேன். அதிலிருந்து ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

1963-இல் பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோலைக் கொல்ல ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய அமைப்பு 'ஜாக்கல்' என்ற ரகசியப் பெயர் கொண்ட ஒரு கூலிக் கொலைகாரனை அமர்த்துகிறது. இதுதான் கதை. ஆனால் டி கோல் 1970 நவம்பரில் கொலோம்பே கிராமத்தில் தன் சொந்த வீட்டில் இயற்கையாக இறந்துபோனார். அது ஊருக்கே தெரியும். அதாவது, கொலைகாரன் தோற்பான் என்று முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே தெரியும். பல பதிப்பாளர்கள் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியதும் இதே காரணத்துக்காகத்தான். முடிவு தெரிந்த கதையை யார் வாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 1971-இல் புத்தகம் வந்தது. அன்று முதல் இன்று வரை படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

எனக்கோ முடிவு மட்டுமல்ல, நடுவில் வரும் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். அப்படியும் அவன் எல்லைச் சோதனையில் நிற்கும்போது என் கை வேர்க்கிறது. இது எப்படி?

எனக்குத் தோன்றும் பதிலைச் சொல்கிறேன். இந்த மாதிரி நாவல்களைத் துப்பாக்கிச் சத்தத்துக்காகப் படிக்கிறோம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் ஒரு வேலையை அணு அணுவாகச் செய்து முடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். அதுதான் நம்மைப் பிடித்து வைக்கிறது. பாஸ்போர்ட் வாங்கும் பகுதியைப் பாருங்கள். கிராமத்துத் தேவாலயக் கல்லறைகளில் அலைந்து, தன் வயதுக்காரனாக இருந்திருக்க வேண்டிய, சின்ன வயதிலேயே செத்துப்போன ஒரு குழந்தையின் கல்லறையைக் கண்டுபிடிக்கிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறான். அதை வைத்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறான். ஒரு அடி உதை கிடையாது, ஒரு குண்டு வெடிக்கவில்லை. அப்படியும் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு எப்படி? எந்த நாவலில் எந்த இடம் உங்களைப் பிடித்து உட்கார வைத்தது?

*(முடிவு வரை பேசப் போகிறோம். படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)*

லேத் பட்டறை

வணக்கம் அண்ணா. கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று பல வருடமாக இருந்தது.

எனக்குப் பிடித்த இடம், பெல்ஜியத்தில் அவன் துப்பாக்கி செய்பவரைப் பார்க்கப் போகும் இடம். அந்த ஆள் என்னென்ன கேட்கிறார் தெரியுமா? எவ்வளவு தூரத்திலிருந்து சுடப் போகிறீர்கள், ஆள் நின்றுகொண்டிருப்பாரா நடந்துகொண்டிருப்பாரா, எத்தனை முறை சுட வாய்ப்பு கிடைக்கும், எதற்குள் மறைத்துக் கொண்டுபோக வேண்டும்... என்னிடம் ஒரு ஜாப் வந்தால் நானும் இப்படித்தான் கேட்பேன். எந்த மெஷினில் போடப் போறீங்க, எவ்வளவு லோடு வரும், சூடாகுமா என்று. இதைக் கேட்காமல் வேலையை ஆரம்பிக்கிறவன் நல்ல தொழில்காரன் கிடையாது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அவர் செய்வது கொலை ஆயுதம் என்பதே எனக்கு மறந்துபோனது.

அந்தத் துப்பாக்கியின் பாகங்கள் தனித்தனியாகக் கழன்று, ஊன்றுகோலின் குழாய்களுக்குள் போகவேண்டும். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். குழாயின் சுவர் மெலிசாக இருந்தால் ஊன்றி நடக்கும்போது நசுங்கும், உள்ளே இருப்பது சிக்கிக்கொள்ளும். கனமாக இருந்தால் உள்ளே இடம் போதாது. மறை இழுத்த இடத்தில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் குறி தப்பும். ஒரு இரவு முழுக்க காகிதத்தில் அந்தக் குழாயைப் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை படிக்கிற ஒருவனைப் பென்சில் எடுக்க வைத்துவிட்டார் அந்த மனுசன்.

அப்புறம் அந்த மெலன் பழம். ஆர்டென் காட்டில் மரக்கிளையில் ஒரு பழத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அடி எண்ணி நடந்து போய்ச் சுட்டுப் பார்க்கிறான். தள்ளி விழுகிறது. தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் திருப்புகிறான். மறுபடி சுடுகிறான். இப்படியே சரிபண்ணிக்கொண்டு போய், கடைசியில் நிஜக் குண்டைப் போட்டுச் சுடும்போது பழம் சிதறுகிறது. அதுவரை அது ஒரு மனிதனின் தலைக்குப் பதில் என்று எனக்கு உறைக்கவில்லை. பழம் சிதறியதும் வயிற்றில் ஏதோ புரட்டியது. பிறகு புத்தகத்தின் கடைசி வரைக்கும் அந்தப் பழம் கண்ணிலேயே நின்றது.

வடக்குக் கடல்

இருபத்தெட்டு வருடம் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன். மலைக்கோட்டை நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலையை விலாவாரியாகச் சொன்னால் மட்டும் போதும் என்றால் தொழில்நுட்பக் கையேடுகளையும் விடிய விடியப் படிப்போமே? உடம்பு வேண்டும். குளிர், பசி, களைப்பு எல்லாம் வேண்டும். அதில் அலிஸ்டர் மக்லீனுக்கு நிகர் இல்லை. 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' 1957-இல் வந்தது. ஏஜியன் கடலில் ஒரு தீவுக் குகையில் இரண்டு ராட்சத ஜெர்மன் பீரங்கிகள். பக்கத்துத் தீவில் சிக்கிய ஆயிரத்து இருநூறு பிரிட்டிஷ் வீரர்களை மீட்கக் கப்பல் வரவேண்டும். அதற்குள் பீரங்கிகள் ஒழிய வேண்டும். ஐந்து பேர், கையில் சில நாட்கள்தான்.

அவர்கள் போகிற படகு ஓட்டை, என்ஜின் அதைவிட மோசம், மேலே புயல். அந்த அத்தியாயத்தை நான் நடுக்கடலில் படுக்கையில் படித்தேன். ஓடுகிற என்ஜினின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் கப்பல்காரனுக்குத் தூக்கத்திலும் விழிப்பு வரும். அந்த பயம் அதில் இருக்கிறது. மக்லீன் போர்க்காலத்தில் 'ராயலிஸ்ட்' என்ற போர்க்கப்பலில் இருந்தவர். ஆர்க்டிக் கான்வாய்களிலும் போயிருக்கிறார், ஏஜியன் கடலிலும் இருந்திருக்கிறார். உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்த ஆள் எழுதுவதற்கும் வரைபடத்தைப் பார்த்து எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் பேசியது கேலிக் மொழி. ஆங்கிலம் அவருக்கு இரண்டாவது மொழிதான். ஸ்காட்லாந்தில் பள்ளி வாத்தியாராக இருந்துகொண்டே முதல் நாவலை எழுதினார். இது தெரிந்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் என்னை அழ வைத்தவன் ஆண்டி ஸ்டீவன்ஸ். வயதில் எல்லாரையும்விடச் சின்னவன். பயந்துவிடுவோமோ என்பதுதான் அவனுடைய பயமே. மழையில், இருட்டில், செங்குத்துப் பாறையில் ஏறும்போது கால் நசுங்கிப் போகிறது. அவனைச் சுமந்துகொண்டே போகிறார்கள். கடைசியில் தான் பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்து, 'என்னை இங்கே விட்டுவிட்டுப் போங்கள், வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிற மாதிரி ஒரு இடத்தில் தனியாக உட்கார்ந்துவிடுகிறான். அப்போது அவனிடம் பயம் இல்லை. துப்பாக்கி வெடிக்கும் நாவல்தான். அந்தப் பையனுக்காகத்தான் நான் அதை வைத்திருக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

எல்லாரும் மன்னிக்கவும், நான் எதிர்க்கட்சி.

ஜாக்கலும் படித்தேன், நவரோனும் படித்தேன். இரண்டும் அருமையாகச் செய்த புத்தகங்கள். ஆனால் உளவு வேலை என்றால் இதுதான் என்று ஒரு தலைமுறையையே நம்ப வைத்துவிட்டார்கள். ஜான் லெ காரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியபோது மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்தார். 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' 1963-இல் வந்தது. அதில் பெரும்பாலும் மனிதர்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேள்வி, பதில், மறுபடி கேள்வி. கடைசியில் சுவரின் மேல், விளக்கு வெளிச்சத்தில், சில நொடிகள்தான் ஆக்‌ஷன். அந்தச் சில நொடியில் அதுவரை பேசிய எல்லாப் பேச்சுக்கும் கணக்குத் தீர்கிறது.

அதில் யார் நல்லவன் யார் கெட்டவன் என்று சொல்ல முடியவில்லை. நம் ஆளையே நம் ஆட்கள் ஏமாற்றுகிறார்கள். அதற்கு ஒரு அப்பாவிப் பெண் பலியாகிறாள். ஆக்‌ஷன் நாவலில் வேலை முடிந்ததும் நிம்மதியாக மூடி வைக்கிறோம். லெ காரேயை மூடிய பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. விறுவிறுப்பு என்பது அந்தப் பக்கத்தோடு முடிந்துபோகிறது என்பதுதான் என் குறை.

நிழல்வாசகி

சுவர் நண்பருக்கு ஒரு பதில், பிறகு என்னுடைய ஒரு குறை.

ஜாக்கலை மூடியதும் நிம்மதி என்கிறீர்கள். எனக்கு அப்படி இல்லை. அந்தச் சீமாட்டி கோலெத் வரும் பகுதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதுவரை நாம் அவன் பக்கம் நிற்கிறோம். மாட்டிவிடக் கூடாதே என்று நாமே வேண்டிக்கொள்கிறோம். தனிமையில் இருக்கும் ஒரு பெண் அவனை வீட்டுக்குள் விடுகிறாள். அவனிடம் இருப்பதைப் பார்த்துவிடுகிறாள். அவளைக் கொன்றுவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த பாஸ்போர்ட்டுக்கு மாறிப் போய்விடுகிறான். லண்டனில் முன்பே திருடி வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளில் ஒன்று, அந்தத் திட்டத்தைப் படித்தபோது நாம் மனசுக்குள் பாராட்டினோமே, அதே பாஸ்போர்ட்.

அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பக்கமாக யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்? கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து மயங்கி, அது எதற்கான கெட்டிக்காரத்தனம் என்று கேட்க மறந்துபோனேன். லெ காரே பேச்சில் செய்ததை ஃபோர்சைத் பேசாமலே செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இனி என் குறை. இந்த நாவல்களில் பெண்களுக்கு என்ன இடம்? தூண்டிலில் மாட்டும் புழு, இல்லாவிட்டால் பிணம். ஜாக்கலில் ஜாக்குலின் என்ற பெண் ஓ.ஏ.எஸ்.ஸுக்காக ஒரு கர்னலிடம் பழகி ரகசியம் கறக்கிறாள். அவளுக்காவது ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதற்கு மேல் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. ஆசிரியருக்கு நேரமில்லை.

எனக்கு இந்த உலகத்தின் வாசல் மாடஸ்டி பிளைசி. அண்ணன் வாங்கி வரும் லயன் காமிக்ஸ் புத்தகத்தை அவன் பார்க்கும் முன் நான் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். காப்பாற்றப்படக் காத்திருக்காமல் தானே போய்க் காப்பாற்றும் ஒரு பெண், அதுவும் தமிழில் பேசும் பெண்! எட்டாம் வகுப்பு படித்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

லேத் பட்டறை

காமிக்ஸ் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட், முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி. எங்கள் அப்பா சம்பள நாளில் வாங்கித் தருவார். ஆங்கில நாவல் படிக்கும் தைரியம் வந்ததே அந்தப் படங்களால்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜாக்கலைப் படித்து முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதமும் கூடவே இருந்தான்.

அக்கா சொன்ன அந்த வெட்கம் எனக்கும் இப்போதுதான் உறைக்கிறது. துப்பாக்கி செய்பவரை நான் அவ்வளவு மெச்சினேன்.

மூன்றாம் ஆண்டு மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் படிக்கிறேன். இப்போது வரும் சில ஸ்பை நாவல்கள் படித்தேன். பத்துப் பக்கத்துக்கு ஒரு குண்டு, இருபது பக்கத்துக்கு ஒரு கார் துரத்தல். நூறு பக்கத்துக்கு மேல் தாண்டவில்லை, அலுத்துவிட்டது. எனக்கு இந்த வகையே ஒத்துவராது என்று நினைத்தேன். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் வேறு ஏதோ போலத் தெரிகிறது. முடிவெல்லாம் இங்கேயே தெரிந்துவிட்டது, இனி ஜாக்கலைப் படிப்பதில் பயன் இருக்கிறதா?

மலைக்கோட்டை வாசகன்

தம்பி, இந்த இழையே அந்தக் கேள்விக்குத்தான். தாராளமாகப் படி.

நீ அலுத்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. பத்துப் பக்கத்துக்கு ஒரு குண்டு வெடித்தால் எந்தக் குண்டுக்கும் எடை இருக்காது. ஃபோர்சைத் இதை எங்கே கற்றார் என்று பார். நாவல் எழுதும் முன் ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் இருந்தார். டி கோலை எந்த நேரமும் யாராவது கொன்றுவிடலாம் என்ற நிலைமை. அவர் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்க் காத்திருப்பது நிருபர்களின் வேலை.

அந்தப் பயம் சும்மா இல்லை. 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி கிளமார் என்ற இடத்தில் டி கோலும் அவர் மனைவியும் போன சித்ரோயன் டி.எஸ். காரை நிஜமாகவே சல்லடையாக்கப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ரவைகள். டயர்கள் கிழிந்தும் டிரைவர் காரை நிறுத்தவில்லை. இருவர்மேலும் ஒரு கீறல் இல்லை. திட்டம் போட்ட பாஸ்டியன் தீரி என்ற விமானப்படை அதிகாரியை 1963 மார்ச் 11 காலையில் சுட்டுக் கொன்றார்கள். நாவல் தொடங்குவதே அந்த விடியலில்தான். அதாவது, முதல் சில பக்கங்கள் நடந்த சரித்திரம். அதிலிருந்து கற்பனைக்குள் எந்த இடத்தில் கால் வைக்கிறோம் என்று உனக்குத் தெரியவே தெரியாது. செய்தி எழுதுகிற அதே தொனியில் பொய்யையும் எழுதுகிறார். முப்பத்தைந்து நாளில் எழுதி முடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஜாக்கலின் வேலையைக் காட்டியது போலவே, அவனைத் தேடும் லெபலின் வேலையையும் காட்டுகிறார். லெபல் குள்ளமான, சாதுவான, வீட்டில் மனைவிக்குப் பயந்த ஒரு துப்பறியும் அதிகாரி. பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவனைத் தேட வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெளிநாட்டுப் போலீஸ் அதிகாரிகளுக்குப் போன் போடுகிறார். தினமும் இரவு உள்துறை மந்திரி கூட்டும் கூட்டத்தில் நின்று பதில் சொல்கிறார். அவர் பிடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஜாக்கல் கிளம்பிப் போயிருக்கிறான். இந்தக் கூட்டத்திலிருந்தே யாரோ சொல்கிறார்கள் என்று புரிந்ததும், கூட்டத்தில் இருக்கும் அத்தனை பெரிய மனிதர்களின் டெலிபோனையும் ஒட்டுக் கேட்க ஏற்பாடு செய்கிறார். யாருடைய போனில் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். தெரியாது, அதனால் எல்லாருடையதையும் கேட்டேன் என்கிறார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இரண்டு நல்ல வேலைக்காரர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கிட்டே கிட்டே வருகிறார்கள். கொலை நடக்காது என்பது தெரியும். இவர்கள் சந்திக்கும் அந்த அறைக்குள் என்ன ஆகும் என்பதற்காகத்தான் கை வேர்க்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம்

சரி, நிழல்வாசகி சொன்ன பிறகு அந்தச் சீமாட்டி பகுதியை நேற்றிரவு எடுத்துப் படித்தேன். நான் அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறேன், உண்மை. அப்படிப் படித்தது ஃபோர்சைத் மேல் உள்ள குறை இல்லை.

அதோடு கடைசிப் பக்கங்களையும் படித்தேன். ஆகஸ்ட் 25, பாரிஸ் விடுதலை நாள். ஒற்றைக் காலில் ஊன்றுகோலோடு, மார்பில் பதக்கத்தோடு ஒரு கிழவர் வேஷத்தில் ஜாக்கல் காவலைத் தாண்டி நடந்து போகிறான். ஒரு இளம் போலீஸ்காரன் பாவப்பட்டு வழி விடுகிறான். மேலே ஜன்னலில் துப்பாக்கி. கீழே டி கோல் ஒரு பழைய வீரனுக்குப் பதக்கம் குத்திவிட்டு, முத்தம் கொடுக்கக் குனிகிறார். பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம் அது. எத்தனையோ கணக்குப் போட்டவன், ஆங்கிலேயனாக வளர்ந்ததால், கன்னத்தில் முத்தமிடக் குனிவார் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. குண்டு தலைக்குப் பின்னால் போய்விடுகிறது.

பழத்தில் சரியாக விழுந்தது. பழம் குனியாது இல்லையா.

ஆனாலும் நான் லெ காரே பக்கம்தான்.

வடக்குக் கடல்

இருங்கள், இருந்துவிட்டுப் போங்கள். அலமாரியில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

தம்பிக்கு ஒரு வார்த்தை. ஜாக்கல் முடிந்ததும் நவரோன் எடு. பீரங்கியை வெடிக்க வைக்கும் இடத்தில், அந்த ஐந்து பேரில் வெடிமருந்து நிபுணனான மில்லர் என்ன செய்கிறான் என்று கவனி. ஜெர்மன்காரர்கள் தேடினால் கண்டுபிடிக்கட்டும் என்று சிலவற்றைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, நிஜமானதை குண்டு ஏற்றும் லிஃப்ட்டில் வைப்பான். எதிரி தன் வேலையைத் தானே செய்யும்போதுதான் வெடிக்கும். அதைப் படித்த அன்று என்ஜின் அறைக்குப் போய் எங்கள் பளுதூக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிழல்வாசகி

அந்த இளம் போலீஸ்காரனைப் பற்றி யாரும் பேசவில்லையே. கிழவருக்கு வழிவிட்டவன் அவன்தான். லெபல் விசாரித்ததும் அவரோடு மாடிப்படி ஏறி ஓடுபவனும் அவன்தான். கதவை உடைத்து உள்ளே நுழைந்ததும் சாகிறான். இரக்கப்பட்டு ஒரு கிழவருக்கு வழி விட்டதற்கு விலை. அவன் கையிலிருந்து விழுந்த துப்பாக்கியை எடுத்துத்தான் லெபல் சுடுகிறார். வாழ்நாளெல்லாம் தாள்களோடும் டெலிபோனோடும் இருந்த மனிதர்.

அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு கணம்தான். யார் என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் ஆண்டு மாணவன்

நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது, முதுகு பிய்ந்து டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். நேற்று சாயங்காலம் எடுத்தேன். கல்லறை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தாண்டிவிட்டேன். இப்போது மணி இரண்டேகால். விடுதியில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், நான் வராந்தா விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

லேத் அண்ணா, அவன் இப்போதுதான் சந்தையில் அந்த மெலன் பழத்தை வாங்கிக்கொண்டிருக்கிறான்.